இடிஞ்ச கோட்டையிலை பொம்பிளை பார்த்தது

1986 செப்ரெம்பர் 1, திங்கள்

மழை. நேற்றும் மழை. இந்த டெனிஸ் ஊர் பிரெடெரிசியாவிலை மழைக்கு வேறை வேலை இல்லை. கறுப்புக் காற்சட்டையைத் தோய்ச்சு ஹீற்றருக்கு மேலை போட்டிருக்கு. காயேல்லை.

காலமை டெனிஸ் வகுப்பு. ரீச்சருக்கு 25 வயது, எனக்கு 48. இண்டைக்குப் பாடம்: ‘என் மனைவி ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள்.’ சுத்திவர எல்லாரும் சொல்லவேணும். என்ரை முறை வந்தது. எனக்கு மனிசி இல்லை எண்டன். பரவாயில்லை, சும்மா சொல்லுங்கோ எண்டாள். சொன்னன். உச்சரிப்புப் பிழையெண்டு திருப்பித் திருப்பிச் சொல்லவைச்சாள். இல்லாத மனிசியாலையே இவ்வளவு கரைச்சல்.

பின்னேரம் கமலாக்கா வீடு. (கமலாக்கா என்னிலும் எட்டு வயது இளமை. ஊரெல்லாம் அக்கா எண்டால் நானும் அக்கா. இனி க.அ. எண்டு எழுதுறன், கை நோகுது.) புருசன் சிவபாதம் ரீவீக்கு முன்னாலை, சத்தத்தை முழுக்கக் குறைச்சுப்போட்டு. விளங்காத பாசைக்கு என்னத்துக்குச் சத்தம் எண்டு கேக்கிறார். நியாயம்.

தேத்தண்ணியோடை வடையும் வந்தது. வடை வந்தால் ஏதோ விசயம்.

“அண்ணை, ஒரு இடம் வந்திருக்கு.”

“என்ன, வேலையோ?”

“பொம்பிளை.”

வடை தொண்டைக்கை நிண்டிட்டுது. சிவபாதம் ரீவீயைப் பாத்தபடியே தண்ணியை நீட்டினார்.

விபரம்: பவளராணி. இருக்கிறது எஸ்பியர்க்கிலை. வயது 42. கலியாணம் முடிச்சு ரெண்டாம் வருசமே புருசன் காய்ச்சலிலை செத்துப்போனார். பிள்ளையள் இல்லை. வயதுபோன ஆக்களைப் பாக்கிற இல்லத்திலை குசினி வேலை. தம்பி குடும்பத்தோடை இருக்கிறா.

“அவ ஓமெண்டிட்டாவோ?”

“யோசிக்கிறா. நீங்களும் யோசியுங்கோ. ஆனால் பழையபடி பத்து வருசம் யோசிச்சுக்கொண்டிராதேங்கோ.”

குத்தல். மூண்டு தங்கச்சிமாரையும் கட்டிக் குடுத்து முடிய எனக்கு நாற்பது. பிறகு நாட்டுப் பிரச்சினை. பிறகு பிளேன். யோசிக்க எங்கை நேரம் கிடைச்சது?

ஊரிலையெண்டால் இதுக்குக் கோயில் வீதி இருக்கு. அவை ஒரு பக்கத்தாலை வருவினம், நாங்கள் மற்றப் பக்கத்தாலை. தற்செயலாய்க் கண்ட மாதிரி. கதைக்கப்படாது. பிடிக்கேல்லையோ, கும்பிட வந்தம், கும்பிட்டுப் போறம். ஆருக்கும் மானக்கேடு இல்லை. இஞ்சை கோயிலுக்கு எங்கை போறது? க.அ. மண்டையைப் போட்டு உடைச்சு ஒரு இடம் பிடிச்சிருக்கிறா. எங்களுக்கும் எஸ்பியர்க்குக்கும் நடுவிலை ஒரு சின்ன ஊர், அங்கை இடிஞ்ச கோட்டை ஒண்டு, சுத்திவரப் பூங்கா.

“சனிக்கிழமை. அவை கோட்டை பாக்க வருவினம். நாங்களும் கோட்டை பாக்கப் போவம்.”

“ஆளை எப்பிடித் தெரியும்?”

“கத்தரிப்பூ நிறச் சீலை. தூரத்திலை நிண்டு பாருங்கோ. வாய் திறக்கப்படாது, அண்ணை. உங்கடை வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.”

3, புதன்

வெயில், கொஞ்ச நேரம். டெனிஸ்காரர் சேட்டைக் கழட்டிப்போட்டுப் புல்லிலை படுத்திட்டினம். நான் ஸ்வெற்றரோடை வகுப்புக்கு.

ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு க.அ. கண்டிப்பாய்ச் சொன்னவ. அதாலை தவராசாவுக்கு மட்டும் சொன்னன். வகுப்பிலை பக்கத்துக் கதிரை. “ஒருத்தருக்கும் சொல்லாதை” எண்டுதான் சொன்னன். “சீச்சீ” எண்டான்.

வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை. கூட இருந்த ரவி கனடாவுக்குப் போய் ஐஞ்சு மாசம். இருக்கேக்கை ரேடியோவைக் குறையடா எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை பிடிச்சனான். இப்ப பிரிஜ் மட்டும் இடைக்கிடை உறுமும். ரெண்டு மூண்டு தரம் அதுக்கு ‘என்ன?’ எண்டு கேட்டிருக்கிறன். இதை வேறை ஆருக்கும் சொல்லேலாது, எழுதலாம்.

4, வியாழன்

மழை. சனிக்கிழமைக்கு:

– காற்சட்டை (காய்ஞ்சால்)
– கழுத்துக்குக் கட்ட ரை. சிவபாதத்தின்ரை சிவப்பு ரை. வேறை இல்லை
– மீசைக்கு மை
– சப்பாத்துக்கு மை. (ரெண்டும் ஒரே மை இல்லை. கவனம்)
– பகிடி விடாமல் இருக்கிறது

கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு அமைதியான மனிசன் மாதிரி முகத்தை வைச்சுப் பாத்தன். அரசாங்கக் கச்சேரியிலை சம்பளவெட்டுக் கடிதம் வாங்கின கிளாக்கர் மாதிரி இருந்தது. ஊரிலை நான் கிளாக்கர்தானே. விட்டிட்டன்.

5, வெள்ளி

தவராசா: “அண்ணை, நாளைக்கு நாங்களும் கோட்டை பாக்க வாறம்.”

“நாங்கள் எண்டால்?”

“சும்மா, ரெண்டு மூண்டு குடும்பம். பிள்ளையளுக்குச் சரித்திரம் காட்டவேணுமெல்லே.”

க.அ.வுக்குச் சொல்லேல்லை. சொன்னால் ஆராலை வெளிக்கிட்ட கதை எண்டு கேப்பா.

6, சனி

குளிர், காத்து, தூறல். மூண்டும் ஒண்டாய்.

சிவபாதத்தின்ரை கார். முன்னுக்கு க.அ., பின்னுக்கு நானும் புட்டுப் பெட்டியும் ரோல்ஸ் சட்டியும். கோட்டும் கம்பளித் தொப்பியும் கழுத்திலை கட்டின ரையும் சிவபாதம் தந்தது. கோட்டுக்குள்ளை நாலு சிவபாதம் இருக்கலாம்.

கார் நிப்பாட்டிற இடத்திலை க.அ. ஐயோ எண்டா. ஒரு வான், நாலைஞ்சு கார், எல்லாம் எங்கடை சனம். எஸ்பியர்க்கிலை பாதி, பிரெடெரிசியாவிலை மீதி. அந்தக் கோட்டையிலை ராசா இருந்த காலத்திலை முற்றுகை போட வந்தவைகூட இவ்வளவு சாப்பாட்டோடை வந்திருக்கமாட்டினம்.

“ஆர் சொன்னது?” எண்டா க.அ.

“ஆருக்குத் தெரியும்,” எண்டன். “எங்கடை சனத்தின்ரை வாய் தெரியும்தானே.”

அதைவிடப் பெரிய பிரச்சினை கோட்டு. எல்லாப் பெண்டுகளும் ஒரே பழைய உடுப்புக் கடையிலை வாங்கின கோட்டு. டெனிஸ்காரிக்கு முழங்கால் மட்டும் வாறது எங்கடை ஆக்களுக்குக் குதிக்கால் மட்டும். கழுத்து வரை பூட்டு. தலைக்குச் சால்வை. கத்தரிப்பூவாவது கனகாம்பரமாவது, சீலை எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியேல்லை. நான் பாக்கிறதெல்லாம் மண்ணிறம், சாம்பல், மண்ணிறம். பொம்பிளை பாக்கவோ, மூட்டை எண்ணவோ?

க.அ.வைக் கேக்கலாமெண்டால் அவவை ரெண்டு பெண்டுகள் பிடிச்சுவைச்சு ரோல்ஸுக்கு என்ன போட்டது எண்டு விசாரணை. தனிய நடந்தன்.

கோட்டை எண்டு பெரிசாய் ஒண்டும் மிச்சமில்லை. கூரை இல்லாத நாலு மதில். யன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை, ஓட்டைக்குள்ளாலை மேகம். கீழை அகழி, அதுக்கை வாத்து. கூரை போட்ட ஒரேயொரு அறையிலை படங்கள். இந்த ஊருக்கும் யப்பானிலை ஒரு ஊருக்கும் சிநேகிதமாம். அந்த ஊரிலையும் ஒரு கோட்டைப் பூங்காவாம். படத்திலை பாத்தால் அங்கையும் கோட்டையைக் காணேல்லை. சரிவாய் அடுக்கின பெரிய கல்லு, தண்ணி, பூத்துக் கிடக்கிற மரங்கள், மரத்துக்குக் கீழை பாய் விரிச்சு இருந்து சாப்பிடுற சனம். இல்லாத கோட்டையைப் பாக்க ஒவ்வொரு வருசமும் வருவினமாம். ரிக்கற் கிழிக்கிற வயதுபோன டெனிஸ்காரர் ஆறுதலாய் விளங்கப்படுத்தினார். நல்ல மனிசன்.

“நீங்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?” எண்டு கேட்டார்.

“இண்டைக்கு இல்லை. கெதியிலை ஆகப் பாக்கிறம்,” எண்டன். என்ரை டெனிஸ் விளங்கேல்லை. சிரிச்சார்.

இடிஞ்ச கட்டடம் பாக்க ரிக்கற். யாழ்ப்பாணத்திலை இப்ப இனாமாய்ப் பாக்கலாம். இதை ஆருக்காவது சொல்லச் சுத்திப் பாத்தன். ஒருத்தரும் கிட்ட இல்லை. நல்லதுக்குத்தான்.

வெளியிலை ஒரே சத்தம். பூங்காவின்ரை மூலையிலை யப்பான் தோட்டம் எண்டு ஒண்டு. கல் விளக்கு, சின்னக் குளம், சிவப்புப் பாலம். ஒரு பக்கம் வெள்ளைச் சரளைக்கல்லைப் பரப்பி, அலை மாதிரி வாரிவிட்டிருக்கு. அதுக்கு மேலை தவராசா குடும்பம் பாய் விரிச்சுத் தங்கடை புட்டுப் பெட்டியைத் திறந்திட்டுது! படத்திலை யப்பான்காரர் பாய் போட்டுத்தானே இருந்தவை எண்டு அவன்ரை வாதம். ரிக்கற்காரர் ஓடிவந்தார். ஏசேல்லை. கையை மட்டும் விரிச்சார். எல்லாரும் கோட்டைப் பக்கம் போன பிறகு ஒரு வாரியைக் கொண்டுவந்து அந்த அலையளைத் திரும்பவும் ஒவ்வொண்டாய் இழுத்தார்.

நான் நிண்டு பாத்தன். பிறகு இருக்க இடம் தேடினன். பாலத்தடியிலை ஒரு வாங்கு. அதிலை ஒரு மண்ணிறக் கோட்டு, தேமாஸ் போத்தலோடை. சனத்திலை ஒருத்தி, சத்தம் தாங்காமல் இஞ்சாலை வந்திருக்கிறா எண்டு நினைச்சன்.

“இருக்கலாமோ?”

“அரசாங்கத்தின்ரை வாங்கு. இருங்கோ.”

“கோட்டை பாக்கேல்லையோ?”

“பாத்தாச்சு. நாலு மதில். நீங்கள்?”

“எனக்குக் கோட்டையிலை அக்கறை இல்லை. மாப்பிளை பாக்க வந்தனான். எல்லாரும் அதுக்குத்தானே வந்திருக்கினம்.”

திரும்பி ஒருக்காப் பாத்தா. “மாப்பிளையைத் தெரியுமோ?”

“தெரியுமோவோ? ஒரே கட்டடத்திலை இருக்கிறம்.”

வாய் தன்ரை பாட்டிலை வெளிக்கிட்டிட்டுது.

“எப்பிடி ஆள்?”

“தலையிலை ஒண்டும் இல்லை. உள்ளதெல்லாம் மீசையிலை. அதுவும் மை.”

சிரிச்சா. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. கனகாலத்துக்குப் பிறகு நான் சொன்னதுக்கு ஒரு மனிசி தமிழிலை சிரிச்சது. அதோடை எனக்குப் பிறேக் அறுந்திட்டுது.

“குறட்டை விடுவார். கீழ்வீட்டு டெனிஸ்காரி தும்புத்தடியாலை முகட்டிலை இடிக்கிறவ.”

“குணம்?”

“குணமெண்டு தனிய ஒண்டும் வைச்சிருக்கேல்லை. கதைதான். தொடங்கினால் நிக்காது. கூட இருந்த பெடியன் தாங்கேலாமல் கனடாவுக்கு ஓடிட்டான்.”

“நல்லது எண்டு ஒண்டும் இல்லையோ?”

யோசிக்கிற மாதிரித் தாடையைத் தடவினன். “அவரைக் கட்டாமல் விட்டால் அவவுக்கு நல்லது.”

இதுக்குச் சிரிக்கேல்லை. தேமாஸ் மூடியிலை தேத்தண்ணி ஊத்தி நீட்டினா. இஞ்சி போட்டது. நல்ல சூடு. நான் குடிச்சு முடியுமட்டும் தண்ணியையே பாத்துக்கொண்டிருந்தா.

“நீங்கள் பொம்பிளையைப் பாத்தியளோ?” எண்டு கேட்டன்.

“காலமை கண்டனான். பெரிசாய் ஒண்டும் இல்லை.”

பொம்பிளையோடை ஒரே வானிலை வந்தவ எண்டு நினைச்சன். தூரத்திலை ஆரோ கூப்பிட்டினம். மூடியைத் துடைச்சுப் பூட்டினா. “பாவம்,” எண்டா. ஆரைச் சொன்னாவோ. “வாறன்” எண்டிட்டுப் பாலத்தாலை போனா.

திரும்பி வரேக்கை காருக்குள்ளை க.அ.: “என்ன, பாத்தியளோ? பிடிச்சுதோ?”

பாக்கேல்லை எண்டால் கொல்லுவா. “ஓம். மதிலடியிலை குடையோடை நிண்டவ. அடக்கமான முகம்.”

சிவபாதம் பிறேக்கை அமத்திப்போட்டார்.

“அது தம்பியின்ரை பெண்சாதி!” எண்டா க.அ. “வயித்திலை ஆறு மாசம்! அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ?”

பிரெடெரிசியா வரைக்கும் நான் ரோல்ஸ் சட்டியை மடியிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்தன்.

7, ஞாயிறு

மேகம். மத்தியானம் க.அ. ஆளனுப்பிக் கூப்பிட்டா. வடை இல்லை.

“அவ வேண்டாமெண்டிட்டா.”

“சரி,” எண்டன்.

“மாப்பிளையை வடிவாய்ப் பாக்கவே கிடைக்கேல்லையாம். யப்பான் தோட்டத்து வாங்கிலை தனிய இருந்தவவாம். ஆரோ ஒரு மனிசன் வந்து பக்கத்திலை இருந்து, மாப்பிளையைப் பற்றி ஒண்டுவிடாமல் சொன்னவனாம். குறட்டையாம், அலட்டலாம், கட்டாமல் விட்டால் நல்லதாம். அண்ணை, ஆர் அவன்? உங்களுக்கு ஆரோ பகையாளி இருக்கிறான்!”

சிவபாதம் ரீவீயிலையிருந்து திரும்பி என்னைப் பாத்தார். கனநேரம் பாத்தார். பிறகு ரீவீக்குத் திரும்பிட்டார். அந்த மனிசனுக்கு எல்லாம் விளங்கும், சத்தம் இல்லாமலே.

“அவன் நாசமாய்ப் போவான்,” எண்டா க.அ.

“ஏற்கனவே போயிட்டான்,” எண்டன் நான்.

நடந்து வீட்டை வந்தன். எதிர்வீட்டு டெனிஸ்காரி படியிலை கண்டு ‘ஹை’ எண்டா. நானும் ஹை. இண்டைக்கு நான் கதைச்சதிலை அது ஒண்டுதான் பிழையில்லாதது.

சிரிச்ச சிரிப்பை நினைச்சுப் பாத்தன். இவ்வளவு நாளும் நான் தேடின ஆள் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்திருக்கிறா. நான் அவவுக்கு என்னை வேண்டாமெண்டு புத்தி சொல்லியிருக்கிறன்.

8, திங்கள்

மழை. வகுப்பு. தவராசா: “அண்ணை, கலியாணம் சரிவந்திட்டுதோ?” ரீச்சர் தமிழ் கதைக்கவேண்டாம் எண்டாள். முதல்முறையாய் அவளுக்கு மனசுக்குள்ளை நன்றி சொன்னன்.

சேட்டிலை பொத்தான் அறுந்துபோச்சு. ஊசி காணேல்லை.

9, செவ்வாய்

காத்து. எஸ்பியர்க் தம்பிக்காரன்ரை நம்பரைத் தவராசாவிட்டை வாங்கினன். ஏனெண்டு கேட்டான். வேலை விசயம் எண்டன். இந்தமுறை உண்மையாய் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ஸ்ரேசனடி ரெலிபோன் பெட்டிக்குள்ளை போய் நிண்டன். என்ன சொல்லுறது? ‘அந்த ஆள் பொய்யன்’ எண்டோ? ‘அந்த ஆள் நான்’ எண்டோ? ரெண்டும் ஒண்டுதான். எடுக்காமல் வந்திட்டன். மீன் ரின் ஒண்டு வாங்கினன்.

10, புதன்

மழை விட்டிருந்தது. வகுப்புக்குப் போகேல்லை. தலையிடி எண்டு சொல்லலாம்.

அவவுக்குப் பின்னேர வேலையெண்டு க.அ. முந்திச் சொன்னது ஞாபகம். காலமையே ரெலிபோன் பெட்டிக்குப் போனன். எடுத்தது அவதான்.

“ஆர்?”

“கோட்டையிலை… வாங்கிலை இருந்த ஆள்.”

“ஓ. மாப்பிளை.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் வந்து இருக்கேக்கையே தெரியும். கோட்டுக்குள்ளாலை சிவப்பு ரை. மழைக்கை மதில் பாக்க எந்தத் தமிழன் ரை கட்டிக்கொண்டு வாறவன்?”

“தெரிஞ்சுகொண்டோ கேட்டனீங்கள்?”

“ஓம். எல்லாரும் மாப்பிளையைப் பற்றி மற்ற ஆக்களிட்டை விசாரிப்பினம். எனக்கு மாப்பிளையிட்டையே கேக்கக் கிடைச்சுது. ஒரு நல்ல சொல்லாவது வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

“பகிடிக்குச் சொன்னது, பிள்ளை.”

“பகிடி எண்டு தெரியாதே? நல்லாய்ச் சிரிச்சனான்தானே. ஆனால் நான் வேலை செய்யிற இடத்திலை ஒரு டெனிஸ்காரர் இருக்கிறார். நான் சாப்பாட்டுத் தட்டை வைக்கேக்கை ஒவ்வொரு நாளும் ‘இந்தக் கிழட்டுக் கழுதைக்கு என்னத்துக்குச் சாப்பாடு’ எண்டு சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிக்கவேணும். அவரைப் பாக்க ஒருத்தரும் வாறேல்லை. வேலையிலை கேக்கிறதையே வீட்டை வந்தும் கேக்க என்னாலை ஏலாது.”

ஒரு காசு விழுந்தது. மற்றதைப் போட்டன்.

கழுதையைப் பற்றி ரெண்டு மூண்டு பகிடி நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல பகிடியள். விழுங்கினன்.

“நல்லது எண்டு சொல்ல ஒண்டும் தெரியேல்லை,” எண்டன். “ரவி போனாப் பிறகும் ரெண்டு பேருக்குத்தான் அரிசி போடுறன். ஒருத்தருக்கு எண்டு போட எனக்கு அளவு வரேல்லை.”

அங்கை ஒரு குழந்தையின்ரை சத்தம், குழாய்த் தண்ணிச் சத்தம். ரிசீவரை ஒரு பக்கத்திலை வைச்சிட்டாவோ எண்டு பாத்தன். வைக்கேல்லை.

“மிச்சத்தை என்ன செய்யிறனீங்கள்?”

“தண்ணி ஊத்தி வைச்சிட்டுக் காலமை சாப்பிடுறன்.”

“இந்தக் குளிருக்கையோ?”

“ஓம்.”

“சளி பிடிக்கும்,” எண்டா.

காசு முடிஞ்சுது.